பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததிலிருந்து நான் சௌக்கியமாக இல்லை. அப்பா சௌக்கியம். அவர் எதைப் படித்தாலும் சௌக்கியமாக இருக்கக்கூடியவர். உன் கடிதத்தை ஒரு தரம் படித்தார், மடித்து உத்திரத்தில் செருகினார், மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களையெடுக்க ஆள் வந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். நான் அதை உருவி எடுத்து மறுபடி படித்தேன். ஓவியக் கல்லூரியில் படம் போடுகிற தாள்களில் எல்லாம் தேறிவிட்டாய், எழுத்துத் தாளில் மட்டும் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு எனக்கு வருத்தமில்லை, மறுபடி எழுதினால் ஆயிற்று. அடுத்த பக்கத்தில்தான் வயிறெரிந்தது. போன விடுமுறையில் ரமணாசிரமம் பக்கம் படம் போடப் போனபோது ஒரு பெரியவரைப் பார்த்தாயாம். ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியாராம். நீ யார் பிள்ளை என்று தெரிந்ததும் உன் தோளைத் தட்டி, "உங்க அம்மா என் மாணவி" என்றாராம். எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா அம்மா என்று வேறு கேட்டிருக்கிறாய். கோடை விடுமுறையில் ஒரு மாதம் அவர் வீட்டிலேயே தங்கி எழுத்துத் தாளுக்குப் படிக்கப்போகிறாயாம், என் சம்மதம் வேண்டுமாம்.

சம்மதம் இல்லை. ஏன் இல்லை என்பதை இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன். நீ விடுதியில் வாராந்திரப் பத்திரிகையைப் புரட்டுவது மாதிரி இதைப் புரட்டாமல், உட்கார்ந்து படி.

உனக்கு அப்போது நாலு வயது. அப்பா தோளில் உட்கார்ந்து டவுனுக்கு வந்தது, பஸ் ஸ்டாண்டில் பொரி உருண்டை தின்றது இதெல்லாம் உனக்கு நினைவிருக்கலாம். அம்மா எதற்காகத் தினமும் டவுனுக்குப் போனாள் என்று நீ கேட்டதே இல்லை. உன் அம்மா பிறந்ததிலிருந்தே கீழ்பென்னாத்தூர் பெண்கள் பள்ளியில் ஓவிய டீச்சராக இருக்கிறாள் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் கல்யாணத்துக்கு முன்பே நன்றாகப் படம் போடுவேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, அரசாங்க ஓவியத் தேர்வு எழுதினால் டீச்சர் வேலை கிடைக்குமாமே, எழுதேன் என்றார். அந்தக் காலத்தில் நம் ஊரில் இப்படிச் சொன்ன புருஷன் வேறு எவனும் இல்லை. படம் போடுகிற தாள்களுக்கு எனக்குப் பயமில்லை. ஆனால் அதில் ஒரு எழுத்துத் தாளும் உண்டு. குடத்தை வரை என்று கேட்காது. குடம் கண்ணுக்கு ஏன் அப்படித் தெரிகிறது என்று எழுது என்று கேட்கும். நிழல் எந்தப் பக்கம் விழும், ஏன்? சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வைத்தால் என்ன ஆகும், ஏன்? எல்லாவற்றையும் வார்த்தையில் சொல்ல வேண்டும். எனக்குக் கை ஓடும், பேனா ஓடாது. உனக்கும் அதே கோளாறுதான். இந்தச் சொத்து என்னிடமிருந்து வந்தது.

எழுத்துத் தாளுக்கென்று டவுனில் ஒரே ஒருவர்தான் வகுப்பு எடுத்தார். நீ பார்த்த பெரியவர்தான். பெயர் எழுத என் கை வராது, வாத்தியார் என்றே வைத்துக்கொள். அப்போதுதான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் அவர் வீடு, மாடியில் வகுப்பு. ஏழெட்டுப் பேர் படித்தோம், பெண் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பு தொடங்கும். தொடங்கும்போது அவர் மனைவி எல்லோருக்கும் காப்பி கொண்டு வருவார். அருமையான காப்பி. நானும் குடிப்பேன். அந்த அம்மாவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், கடைசியில் அவர்களிடம் வருகிறேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். நாம் சமணக் குடும்பம், சூரியன் கண்ணுக்குத் தெரிகிற வரையில்தான் சாப்பாடு, தண்ணீர் எல்லாம். நம் ஊரிலிருந்து பார்த்தால் மலை தூரத்தில் ஒரு கைப்பிடி அளவுதான், அதனால் பொழுது கடைசி வரை தெரியும். டவுனில் அப்படி இல்லை. கோயில் பக்கம் மலையடியில் நின்றால், தெருவில் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். நம் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துப் பொழுதைக் கணக்குப் போடுகிற வழக்கம் கிடையாது. கண்ணில் பட்டால் இருக்கிறது, படாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். அதனால் வகுப்பின் நடுவில் எழுந்து போய், படிக்கட்டில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன தயிர்ச்சோற்றை அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். வாத்தியார் முகத்தைச் சுளிப்பார், ஆனால் ஒன்றும் சொன்னதில்லை.

ஒருநாள் வேலூரிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் அவர் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். அவருடைய தலைமை ஆசிரியரும் கூட வந்திருந்தார். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. எங்களை ஒவ்வொருவராக எழுப்பிக் காட்டினார், என் படங்களைத்தான் அதிகம் காட்டினார். பேச்சு முடிவதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மா கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். முதல் தட்டை என்னிடம்தான் நீட்டினார், பெண்பிள்ளை என்று. நான், "வேணாங்க, பொழுது சாஞ்சிடுச்சு, நாங்க சாப்பிடறதில்லைங்க" என்றேன். அந்த அம்மா பாவம், தண்ணீராவது குடி என்று டம்ளரை நீட்டினார். தண்ணியும் குடிக்க மாட்டோம் என்று கையை மடக்கிக்கொண்டேன்.

ஒரு வீட்டுத் தண்ணீரை நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றால் அதற்கு நம் ஊர்ப்பக்கம் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அர்த்தம் எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஒரு பழக்கம். வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பினார். தெருவில் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு வெளிச்சம். திரும்பி என்னைப் பார்த்து, "வெளியில பட்டப்பகலா இருக்கு, பொழுது சாஞ்சிடுச்சாம்" என்றார். பெரிய மனிதர்களில் ஒருவர் சிரித்தார். அதற்கப்புறம் வாத்தியார் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஆள் இல்லாதப்ப எங்க வீட்டுக் காப்பி இறங்குது. நாலு பேர் எதிர்ல தண்ணி கூட இறங்க மாட்டேங்குது."

நான் சொல்லிப் பார்த்தேன். நாங்கள் நயினார், சமணர், சூரியன் மறைந்தால் எங்களுக்கு ஆகாது என்று இரண்டு தரம் சொன்னேன். சாக்கு என்று நினைத்தார். கூடப் படித்தவர்களில் போளூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஊரில் பாதி வீடு நம்மவர்கள் வீடு, அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை, அவங்க வழக்கம் அப்படித்தாங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் கேசரி தின்றுகொண்டிருந்தார். அவர் மேலும் எனக்கு இன்னும் கோபம் உண்டு. சந்தையில் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு வாத்தியார் என்னைத் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். வரச் சொன்னார், வந்தவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். மற்றவர்களுக்கு எழுத்துத் தாளுக்கான விளக்கங்களைச் சொல்லி எழுதவைக்கும்போது, என் முன்னால் ஒரு செங்கல்லை வைத்து அதை வரையச் சொல்லிவிடுவார். வாரக்கணக்கில் செங்கல் வரைந்தேன். அவர் சொல்வது காதில் விழும், ஆனால் எழுதக்கூடாது, எழுதினால் செங்கல் என்ன ஆச்சு என்பார். காப்பித் தட்டு வரும்போது என்னைக் காட்டி, அந்தம்மாவுக்கு வேணாம், அவங்களுக்கு ஆகாது என்று சொல்லிவிடுவார். பட்டப்பகலில். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் தட்டைத் தாண்டிக் கொண்டு போவார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மனுஷனிடமிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று ஒரு வீம்பு.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு எல்லோரையும் ஒரு விடை எழுதித் தரச் சொன்னார், என்னையும் சேர்த்து. கண்ணுக்குக் கீழே தரையில் வைத்த குடத்தின் தோற்றத்தை விளக்கு என்பது கேள்வி. மற்றவர்கள் அவர் சொன்னதை அப்படியே எழுதினார்கள். என்னை எழுதிவைத்துக்கொள்ள விடவில்லையே, நான் பார்த்ததை எழுதினேன். அப்பாவும் நீயும் என்னைக் கூட்டிப்போக மாடிப்படி ஏறி வந்து வாசலில் நிற்கிறீர்கள். வாத்தியார் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் என் தாளை எடுத்தார். நம் ஊர்ப் பேச்சு மாதிரி இழுத்து இழுத்து வாசித்தார். "குடத்தோட வாயி வட்டமா தெரியாதுங்க, நசுங்கினாப்பல தெரியுங்க." அறை முழுக்கச் சிரிப்பு. கிணற்றடியில் நின்று பேசுகிறதை எழுதிக் கொடுத்திருக்கிறது என்றார். பிறகு தாளை அப்பாவின் கையில் கொடுத்து, "உங்க வீட்டுல கை இருக்கு, மண்டை இல்லை. வாசல்ல கோலம் போடச் சொல்லுங்க, நல்லா வரும்" என்றார். அப்பா, "சரிங்க" என்றார்.

அந்த 'சரிங்க' எனக்கு வாத்தியார் பேச்சைவிடக் கசந்தது. பஸ்ஸில் ஏறியும் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. நீ என் மடியில் தூங்கிவிட்டாய். அப்பா அந்தத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தபடி வந்தார். அவர் ஆறுதல் சொன்னால் சண்டை பிடிக்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஊர் வருகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தார். "நசுங்கினாப்பலன்னு எழுதியிருக்கியே, எவ்ளோ நசுங்கி?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறுநாள் காலையில் களத்தில் ஒரு பித்தளைக் குடத்தை வைத்தார். குடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு தரையில் உட்கார்ந்தார். நீ பார்த்துச் சொல்லு, நான் போடறேன் என்றார். உன் அப்பாவுக்குப் படம் போட எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். மாடு வரைந்தால் நாமாகக் கால்களை எண்ணிப் பார்த்துத்தான் மாடு என்று சொல்ல வேண்டும். முதல் நாள் நான் சொல்லச் சொல்ல அவர் மண்ணில் கீறினார். எழுந்து பார்த்தால் கத்தரிக்காய். மேலே வாய் என்று சொன்னேன், முழு வட்டம் போட்டிருக்கிறார். அடி தரையில் உட்கார்ந்திருக்கிறது என்றேன், நேர்கோடு இழுத்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அடி வளைந்துதானே தெரியும், இத்தனை வருஷமாகக் குடத்தைப் பார்த்ததில்லையா என்று கத்தினேன். "பார்த்திருக்கேன். ஆனா நீ சொல்லலையே" என்றார்.

அந்தப் பரீட்சைக்கு நான் படித்த பாடம் மொத்தமும் இந்த 'நீ சொல்லலையே'தான். தினமும் காலையில் அவர் கொல்லைக்குப் போவதற்கு முன் இது நடந்தது. பார்க்கிறவன் எங்கே இருக்கிறான் என்று முதலில் சொல்லாவிட்டால் குடம் உருப்படாது என்று தெரிந்துகொண்டேன். குடத்தைக் கிணற்றுச் சுவர்மேல் தூக்கிவைத்து, வாய் என் கண்ணுக்கு நேராக வரும்படி நின்று பார்த்தேன். அங்கே வட்டமே இல்லை, ஒரு கோடு. குடத்தைக் கீழே இறக்க இறக்க அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக அகலம் ஆகிறது. அப்படியானால் குடத்தின் அடி வாயைவிடக் கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது, அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். இதை அப்பாவுக்குச் சொன்னேன். அன்றைக்குத்தான் மண்ணில் குடம் வந்தது. இன்னொரு நாள், கழுத்து அழகாக உள்ளே வளையும் என்று சொல்லிவிட்டேன். அவர் குச்சியை அசைக்கவே இல்லை. "அழகான்னா எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் தேர்வுத் தாளில் எழுதினதில்லை, என் மாணவிகளையும் எழுத விட்டதில்லை.

நிறத்துக்கும் இதே வழிதான். களையெடுக்கிறவர்கள் மல்லாட்டைக் கொல்லையில் குனிந்திருக்கும்போது எந்தச் சேலை முதலில் கண்ணில் படுகிறது, ஏன், அதே சேலை கொல்லையின் கடைசி வரப்பில் ஏன் மங்கிவிடுகிறது என்று அவர் கேள்வி கேட்பார், நான் அவர் முதுகுக்குப் பதில் சொல்வேன். நான் ஆர்வத்தில் படித்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு காலையும் அந்த வாத்தியார் தாளை இழுத்து இழுத்து வாசித்த குரலை நினைத்துக்கொண்டுதான் களத்துக்குப் போவேன். ஒருநாள் கோபம் சற்றுக் கம்மியாகிவிட்டது என்று தோன்றினால், வேண்டுமென்றே முழுக்க நினைவுபடுத்திக்கொள்வேன். அந்தக் கோபம்தான் எனக்குச் சாப்பாடாக இருந்தது. அதில் எனக்கு வெட்கமும் கிடையாது. நசுங்கினாப்பல என்பது விடையாகாது என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்ததே என்று உனக்குத் தோன்றும். இருந்துவிட்டுப் போகட்டும். நியாயத்தை ஒருத்தியின் புருஷனை வாசலில் நிற்கவைத்துக்கொண்டு சொல்லத் தேவையில்லை.

தேர்வு வேலூரில் நடந்தது. உருளை வடிவப் பொருள்கள் கண் மட்டத்துக்குக் கீழே எப்படித் தோன்றும், படம் இல்லாமல் விளக்குக என்று கேட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, களத்தில் தெரிகிற உன் அப்பாவின் முதுகைப் பார்த்து எழுதுவது மாதிரி எழுதினேன். அவர் 'நீ சொல்லலையே' என்று சொல்ல இடம் கொடுக்காமல் எழுதினேன். தேறிவிட்டேன், நல்லபடியாகவே தேறினேன். வாத்தியாரின் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு எழுத்துத் தாள் போய்விட்டது, அதில் ஒருவர் போளூர்க்காரர். சந்தோஷப்பட்டேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

இதோடு முடிந்திருந்தால் இந்த மனிதரை நான் மறந்துகூட இருப்பேன். எனக்கு வேலை கிடைத்து இரண்டொரு வருஷம் கழித்து, டவுனில் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி ஒன்று நடந்தது. என் மாணவிகளின் படங்களுக்கு நல்ல பேர். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் வாத்தியார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, "இவங்க என் மாணவி. கிராமத்துலேர்ந்து ஒண்ணும் தெரியாம வந்தவங்க. எழுத்துத் தாளுக்கு நான்தான் தயார் பண்ணேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு சால்வை போர்த்தினார். என் கண்ணைப் பார்த்துத்தான் போர்த்தினார், ஒரு கூச்சமும் இல்லை. அவ்வளவு பேர் நடுவில் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அந்தச் சால்வை எங்கே என்று கேட்காதே. அந்த வருஷம் மார்கழிப் பனியில் கன்றுக்குட்டிக்குப் போர்த்தச் சொன்னேன். கன்றுக்குட்டி அதைத் தின்றுவிட்டது.

அவமானப்படுத்தினதைக்கூட ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். உன் அப்பா குடத்துக்கு முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்திருந்த காலைகளை எல்லாம் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் எடுத்துத் தன் பேரில் எழுதிக்கொண்டார். அதை மன்னிக்க முடியாது. இப்போது நீ போய் ஒரு மாதம் அவர் எதிரில் உட்காரப்போகிறாய். நாளைக்கு நீ தேறினதும் அவர் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. அம்மா, பிள்ளை ரெண்டு பேரும் என் கையில படிச்சவங்க என்பார். அதை நான் உயிரோடு இருந்து கேட்க வேண்டுமா?

உன்மேலும் எனக்குக் கோபம்தான். இத்தனை வருஷமாக உன் அம்மா இதைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எழுத்துத் தாள் போனதும், வழியில் பார்த்த பெரியவரிடம் கேட்கத் தோன்றியதே தவிர, வீட்டில் இருக்கிறவளைக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா என்றால் சோறு போடுகிறவள், பாடம் என்றால் வாத்தியார், அப்படித்தானே?

சரி, இப்போதாவது கேள். உன் அறையில் வணிகவியல் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான், கோடு கூடப் போட வராது என்று எழுதியிருந்தாயே, அவனைப் பிடி. அவன் மாதிரி ஆள்தான் வேண்டும். அவனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, உன் முன்னால் இருக்கிற பொருளை அவனுக்கு வார்த்தையால் சொல். அவன் போட்டது தப்பாக இருந்தால் அவனைத் திட்டாதே, அந்தத் தப்புக்குப் பொறுப்பான உன் வாக்கியத்தைத் தேடு. உன் விடைத்தாளில் 'ஒளியும் நிழலும் இனிமையாக இணைந்துள்ளன' என்று எழுதினதாக உன் கடிதத்தில் சொல்லியிருக்கிறாய். அதை வைத்து அந்தப் பையனை ஒரு கோடு போடச் சொல்லு பார்ப்போம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே முதலில் படுகிறது, எங்கே படவே முடியாது, தரையில் விழுந்த நிழல் பொருளை எங்கே தொடுகிறது, இதைச் சொல். படம் போடத் தெரிந்தவனுக்கு இது சலிப்பாகத்தான் இருக்கும். கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லவைக்கிற வேலை யாருக்கும் பிடிக்காது. கோபம் இருந்தால் செய்துவிடலாம். உனக்கு இல்லாவிட்டால் என்னுடையதில் கொஞ்சம் எடுத்துக்கொள், இன்னும் நிறைய இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா கொல்லையிலிருந்து வந்துவிட்டார். நாலு பக்கம் ஆகிவிட்டதே, என்ன எழுதுகிறாய் என்றார். சொன்னேன். "விட்டுடேன். அவரு அப்ப ஊருக்குப் புதுசு. தெரியாம பேசிட்டாரு" என்கிறார். முதல் நாள் தெரியாமல் பேசினார், ஒத்துக்கொள்கிறேன். மலை மறைத்த சூரியனை அவர் பார்க்கவில்லை, வெளிச்சத்தைத்தான் பார்த்தார். தன் பெண்டாட்டியை நான் இழிவு செய்துவிட்டதாக நினைத்த மனுஷனுக்குக் கோபம் வரத்தான் செய்யும், அதுகூட எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கப்புறம் இத்தனை வருஷம் இதே டவுனில் இருந்திருக்கிறாரே. நயினார் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அவர் பள்ளியில் படித்திருப்பார்கள். இன்றைக்கு அவருக்கு நம் வழக்கம் தெரியும். தெரிந்த பிறகு, மேடையில் ஒலிபெருக்கி கையில் இருந்தபோது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா? இதைக் கேட்டால் அப்பா கால் கழுவப் போய்விட்டார்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். இது என் சம்மதத்துக்குப் பதிலாக நான் கேட்பது. நீ நன்றாகப் படித்து எழுத்துத் தாளில் தேறு. அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போ, கட்டாயம் போ. பகலில் போ. முதலில் அந்த அம்மாவைப் பார், காலில் விழுந்து கும்பிடு. காப்பி கொடுப்பார்கள். குடி, நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடி. அம்மா இந்தக் காப்பியைப் பற்றி இன்னும் சொல்வாள் என்று சொல். அது பொய் இல்லை. அந்த அம்மா நீட்டின தண்ணீரை வேண்டாம் என்றது மட்டும்தான் இந்தக் கதையில் என் மனசை இன்றுவரை உறுத்துகிறது, அந்தக் கடனை நீ அடைத்துவிட்டு வா.

பிறகு வாத்தியாரோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார். எப்படித் தேறினாய் என்று கேட்பார். அப்பாவின் முதுகைப் பற்றிச் சொல், மெதுவாக, ஒன்றும் விடாமல் சொல். அவர் இப்போது இருக்கிற இடத்தில், செங்கம் சாலைப் பக்கம், மேற்கே மலை குறுக்கே வராது. சூரியன் இறங்குவது கடைசி வரைக்கும் தெரியும். அது முழுக்க மறைகிறவரை பேசிக்கொண்டே இரு. அவரும் பார்க்கட்டும், இந்தத் தடவை பட்டப்பகல் என்று சொல்ல வழியிருக்காது. அப்புறம் எழுந்து நில். கிளம்புகிறவனுக்குத் தண்ணீராவது கொடுக்கச் சொல்வார், அல்லது அவரே எடுத்து வந்து நீட்டுவார். வாங்காதே. "வேணாங்க, பொழுது சாஞ்சிடுச்சு" என்று மரியாதையாகச் சொல், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். நீ விடுதியில் ராத்திரி பரோட்டா தின்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, தெரியும். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் என் பிள்ளையாக இரு.

சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடாதே. அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள், எழுத்துத் தாள் எழுதினவன் பார்க்கிற மாதிரி பார். வீட்டுக்கு வந்ததும் நான் களத்தில் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் குச்சியோடு உட்கார்ந்திருப்பேன். நீ சொல்லச் சொல்ல நான் அந்த முகத்தை மண்ணில் வரைய வேண்டும். ஒன்றையும் சொல்லாமல் விட்டுவிடாதே.

உன் அம்மா